கூப்பிட்டால் வர வேண்டும்

கழுத்துப்பட்டைக் கொக்கியில் கட்டைவிரலை வைத்துக்கொண்டு நிற்கிறேன். அழுத்தினால் கயிறு கழன்றுவிடும், விரல்தான் அழுத்த மாட்டேன் என்கிறது, ஓடுகிற பஸ்ஸில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறுகையால் ஊருக்கெல்லாம் டிக்கெட் கொடுத்த விரல், இன்றைக்கு என்ன வந்தது இதற்கு. "ஏங்க, அவுத்து விடுங்க. எம்புட்டு நேரம் அதைத் தடவிக்கிட்டே நிப்பிய?" என்கிறாள் ஜெபக்கனி. என் மனைவி. சுவரோரம் வேப்பமரத்து நிழலில் நிற்கிறாள், வலது மணிக்கட்டில் கட்டு, அந்தக் கையை இடது கையில் குழந்தையைப் போல ஏந்திக்கொண்டு நிற்கிறாள். கட்டுக்குக் காரணமானவன் என் முழங்காலுக்குக் கீழே இழுத்துக்கொண்டு நிற்கிறான், மூக்கு ஒரு பக்கம், வால் ஒரு பக்கம், என் பக்கம் எதுவுமே இல்லை. நேற்று சாப்பிடும்போது முடிவான பேச்சு இது. இன்று எனக்கு ஓய்வு நாள். மைதானத்துக்குக் கூட்டி வந்து கயிற்றை அவிழ்த்துவிட வேண்டும். கூப்பிட்டால் வர வேண்டும். வந்தால் வீட்டில் இருக்கும். வராவிட்டால், சாயங்காலம் திசையன்விளையிலிருந்து வருகிற அவள் தம்பி தாசனோடு போய்விடும். தாசனுக்கு அங்கே தென்னந்தோப்பு இருக்கிறது, தோப்பில் மோட்டார் ரூம் இருக்கிறது, மோட்டார் ரூம் வாசலில் ஒரு சங்கிலி இருக்கிறது. போன நாய் செத்ததிலிருந்து அந்தச் சங்கிலி சும்மா கிடக்கிறது, போன பொங்கலுக்குப் போயிருந்தபோது பார்த்தேன், அதைச் சுற்றி மண் மட்டும் வட்டமாகத் தேய்ந்து, புல்லே முளைக்காமல் இருந்தது. அந்த வட்டம் நேற்றிலிருந்து கண்ணை விட்டுப் போக மாட்டேன் என்கிறது.

லக்கேஜ் என்றுதான் இவனுக்குப் பெயர். கேட்கிறவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். நாகர்கோவில் போய்த் திரும்பிய ஒரு மத்தியான டிரிப்பில், வள்ளியூர் தாண்டி எல்லாரும் தூங்கி வழிகிற நேரம், கடைசி சீட்டுக்கு அடியில் ஒரு வயர் கூடை முனகியது. "யாரு லக்கேஜ் இது? யாரு லக்கேஜ்?" என்று மூன்று தரம் கேட்டேன், ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை, எல்லாரும் சன்னல் வழியாகக் காற்றாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டிரைவர் சுடலைமுத்து கண்ணாடியில் பார்த்துச் சிரித்தான். "அண்ணாச்சி, அதுக்கு டிக்கெட் போட்டியளா?" அந்தக் கூடையோடு வீட்டுக்கு வந்தேன், கண் திறந்து நாலைந்து நாள்தான் இருக்கும், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு உயிர். ஜெபா கதவை அடைத்துக்கொண்டு நின்றாள். "நாயைக் குளிப்பாட்டி நடுவீட்டுல வச்சாலும் அது புத்தியத்தான் காட்டும், கொண்டுபோயி விட்டுட்டு வாங்க" என்றாள். அன்று சாயங்காலம் வெந்நீர் வைத்துக் குளிப்பாட்டி, நடுவீட்டில் அவளுடைய பழைய சேலையை மடித்துப் போட்டு, அதில் வைத்ததும் அவள்தான். பஞ்சை நனைத்து நனைத்துப் பால் கொடுத்தாள். அப்போதெல்லாம் அவளும் அவன், இவன் என்றுதான் சொல்வாள். கையில் கட்டுப் போட்ட நாளிலிருந்துதான் அது, அதை, அதுக்கு. நான் எத்தனையோ கோபத்தை இருபத்தி நாலு வருஷத்தில் அவளிடம் பார்த்துவிட்டேன், இந்த 'அது' மாதிரி எதுவும் என்னைச் சுட்டதில்லை.

குட்டியாக இருந்தபோது எப்படி இருந்தான், யாராவது கேட்டால் சொல்வேன், ஒருத்தரும் கேட்பதில்லை. நான் கக்கூஸுக்குப் போனால் வாசலில் காவல். தெருவில் நடந்தால் என் செருப்புக்கும் அவன் மூக்குக்கும் நடுவே காற்றுப் போகாது. எனக்கு அப்போது ஒரு விளையாட்டு, சட்டைப் பையில் எப்போதும் கிடக்கிற விசில் இருக்கிறதே, அதை வைத்து ஒன்று ஊதினால் அவனை நிறுத்துவேன், கயிற்றை லேசாகப் பிடித்துக்கொண்டு. இரண்டு ஊதினால் போகலாம், கயிற்றை விட்டுவிடுவேன், குடுகுடுவென்று ஓடுவான். பத்து நாளில் கயிறே தேவைப்படவில்லை. ஒன்று, நிற்பான். இரண்டு, பறப்பான். "பஸ் போகுது, பஸ் போகுது" என்று பிள்ளைகள் தெரு முழுக்கக் கத்தும், ஜெபா மொட்டைமாடியில் துணி காயப்போட்டுக்கொண்டே சிரிப்பாள். அவ்வளவு பெரிய பஸ்ஸையே இருபது வருஷத்துக்கு மேலாக ஊதி ஊதி நிறுத்தியிருக்கிறேன், கிளப்பியிருக்கிறேன், முன்னால் உட்கார்ந்திருக்கிற சுடலைமுத்து முகத்தைக்கூடப் பார்க்காமல், இந்தச் சுண்டைக்காய்க்கு என்ன. அப்படி ஒரு மிதப்பு இருந்தது எனக்கு. அந்த மிதப்புக்குத்தான் இப்போது அனுபவிக்கிறேன் போல.

ஏனென்றால் ஒரு நாள் காலையில் எழுந்து பார்த்தால் வேறு நாய். அதே காது, அதே நெற்றி வெள்ளை, உள்ளே ஆள் மாறிவிட்டிருந்தது. என் கேஷ் பையின் வாரைத் தின்றான். பக்கத்து வீட்டு ரிட்டயர்டு தலைமையாசிரியரின் செருப்பில் இடது காலை மட்டும் தின்றான், அவர் இன்றுவரை என்னிடம் பேசுவதில்லை, வலது காலை மட்டும் எங்கள் கேட்டில் மாட்டிவிட்டுப் போனார். தோசை மாவுச் சட்டியைக் கவிழ்த்து அதில் படுத்து எழுந்து, வெள்ளையாகத் தெருவைச் சுற்றினான். சர்ச் ஐயர் எங்கள் வீட்டில் ஜெபம் நடத்த வந்திருந்தபோது, எல்லாரும் கண்ணை மூடியிருக்கிற நேரம் பார்த்து அவருடைய முழங்காலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு செய்யத் தகாத காரியம் செய்தான், பாவம் அந்த மனுஷன் ஆமென் சொல்லும்வரை அசையவில்லை. கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பான், அதுதான் என்னால் தாங்க முடியாதது, கேட்காமல் இல்லை, கேட்டு, திரும்பி, என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் போவான். மாட்டு ஆஸ்பத்திரியில் அந்த டாக்டரம்மா, சின்ன வயசுதான், ஊசியைப் போட்டுக்கொண்டே சிரித்தாள். "பத்து மாசமா? அப்ப இப்படித்தான் அண்ணாச்சி இருக்கும். மீசை முளைக்கிற வயசு. மூக்குதான் இப்ப அதுக்குக் காது. நீங்க போட்ட பழக்கம் எதுவும் அழியாது, உள்ள கிடக்கும். கொஞ்ச மாசம் பொறுத்துக்கிட்டா வெளிய வரும்." பொறுத்தேன். நான் பொறுப்பேன், ஜன்னல் சீட்டுக்குச் சண்டை போடுகிறவர்களோடு பிழைப்பு நடத்துகிறவன் எதையும் பொறுப்பேன். ஆனால் பால் பூத் வாசலில் ஒரு ஆட்டைப் பார்த்து இவன் பாய்ந்ததில் ஜெபா விழுந்து மணிக்கட்டுப் பிசகியது. சர்ச்சில் ஆர்மோனியம் வாசிப்பவள் அவள். சபையே கூடிப் பந்தியில் சாப்பிடுகிற அசனப் பண்டிகை வருகிறது, வருஷா வருஷம் அன்றைக்கு அவள் வாசிப்பைக் கேட்கவே வெளியூரிலிருந்து ஆட்கள் வருவார்கள், இந்த வருஷம் வேறு ஒரு பெண் வாசிக்கப் போகிறாள். நாயைத் திட்டவில்லை ஜெபா. ஆர்மோனியத்தின் மேல் துணியை இழுத்துப் போர்த்திவிட்டுத் தம்பிக்கு போன் செய்தாள். அவள் பக்கம் நியாயம் இருக்கிறது, அதுதான் கஷ்டம்.

சரி. அழுத்திவிட்டேன். கயிறு கையில் கனமில்லாமல் தொங்குகிறது. தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற கதை என்பார்களே, அதை இன்றைக்குத்தான் நேரில் பார்க்கிறேன், வாலே அதோ கண்ணுக்கு எட்டாத தூரத்தில் போகிறது. எப்படி ஓடுகிறான் பாருங்கள், வயிறு தரையைத் தொட, காது இரண்டும் பின்னால் படிந்து, மைதானத்தை ஒரு வட்டம், இன்னொரு வட்டம். வட்டம். அந்தத் தோப்பு வட்டத்தில் ஐந்து எட்டு வைத்தால் சங்கிலி முடிந்துவிடும், கழுத்தைச் சுண்டும், திரும்ப வேண்டியதுதான். கூப்பிட்டால் வர வேண்டிய தொல்லையே அங்கே இல்லை. இங்கே பயம் வேறே. கிழக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் மெயின் ரோடு. எனக்கு ரோடு என்றால் பயம், யாரிடமும் சொன்னதில்லை, ரோட்டில் சம்பாதிக்கிறவன் ரோட்டுக்குப் பயந்தால் சிரிக்க மாட்டார்களா. பின் படிக்கட்டுப் பக்கம் நிற்கிறவன் நான், சக்கரம் எனக்குக் கீழே. ரோட்டில் குறுக்கே வருகிற நாய் முன் சக்கரத்துக்குத் தப்பிவிடும், பின் சக்கரத்துக்குத் தப்பாது. பஸ் ஒரு தரம் லேசாக ஏறி இறங்கும், ஆட்கள் பேசிக்கொண்டே இருப்பார்கள், டிரைவருக்குக்கூடச் சில நேரம் தெரியாது, என் பாதத்துக்குத் தெரியும். சுவரில் ஒரு இடம் இடிந்து கிடக்கிறது, ஆனால் அதில் உடைமர முள்ளை வெட்டிப்போட்டு அடைத்திருப்பார்கள், எப்போதும் அடைத்துத்தான் இருக்கும், போன வாரம்கூடப் பார்த்தேன். அடைத்திருக்கும்.

"கூப்பிடுங்க" என்கிறாள் ஜெபா. "லக்கேஜ்!" திரும்பிப் பார்த்தான். பார்த்தான், பார்த்தான், போய்விட்டான். "எல லக்கேஜ்! வால, வீட்டுக்குப் போவோம்!" ஒரு எருக்கஞ்செடியிடம் போய்க் காலைத் தூக்குகிறான். சட்டைப் பையில் பிஸ்கட் இருக்கிறது, நீட்டிக் காட்டுகிறேன், இவ்வளவு தூரத்தில் அவனுக்கு என் கையே பிஸ்கட் அளவுதான் தெரியும். விசிலை எடுத்தேன். இரண்டு ஊதினேன். வீட்டுக்குப் போகலாம், ரைட், வா. தெரிந்ததுதானே, காது நிமிர்ந்தது, ஒரு துள்ளல், ஓட்டம் பிடித்தான், எதிர்த் திசையில். தினம் சாயங்காலம் தெருமுனையில் நடக்கிற அதே கூத்து, நான் ரெண்டு ஊத அவன் நாலு தெரு தாண்டிப் போவான், நான் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னால். மறுபடி இரண்டு ஊதினேன். மறுபடி ஓடினான், சிரித்துக்கொண்டே ஓடுகிறான், சத்தியமாகச் சிரிக்கிறான். அடியாத மாடு படியாது என்று சுடலைமுத்து சொன்னான், கையை ஓங்கிப் பார்த்தேன் ஒரு நாள், அவன் குட்டியாக இருந்தபோது போலவே மல்லாக்கப் படுத்து வயிற்றைக் காட்டிவிட்டான், அந்த வயிற்றைப் பார்த்த பிறகு எங்கே அடிக்க. தாசன் அடிப்பான். கெட்டவன் இல்லை, தோப்புக்காரன், தேங்காய் திருடு போகக் கூடாது அவனுக்கு, நாய் குரைக்க வேண்டும், அவ்வளவுதான். சோறு போடுவான். சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் இவனை ஏற்றிவிட வேண்டியிருக்கும், எந்த வண்டியோ, எவன் கண்டக்டரோ, எனக்குத் தெரிந்த பயலாகத்தான் இருப்பான், "என்ன அண்ணாச்சி லக்கேஜா?" என்பான்.

அடைத்திருக்கவில்லை. முள்ளைக் காணோம், யாரோ வண்டி கொண்டுவர இழுத்து ஓரமாகப் போட்டிருக்கிறார்கள், சுவரின் இடிந்த வாய் ஆவென்று திறந்து கிடக்கிறது, அதற்கு அந்தப் பக்கம் ரோடு, ரோட்டுக்கு அந்தப் பக்கம் டீக்கடை, டீக்கடை வாசலில் செவலை நிறத்தில் ஒரு பெட்டை நாய் ஒய்யாரமாக உட்கார்ந்திருக்கிறது. மூக்குதான் காது என்று சொன்னாளே டாக்டரம்மா. லக்கேஜ் தலையைத் தூக்கிவிட்டான். "ஏங்க! ரோடுங்க!" ஜெபா கத்துகிறாள், கட்டுப்போட்ட கையை உதறிக்கொண்டு ஓடிவருகிறாள். நானும் ஓடுகிறேன், ஓடிக்கொண்டே ஊதுகிறேன், இரண்டு, வா, இரண்டு, வந்துவிடு, இரண்டு, ஊத ஊத அவன் வேகம் ஏறுகிறது, நேரே அந்த வாயைப் பார்த்து. அப்போது பஸ் சத்தம். சமாதானபுரம் பக்கமிருந்து வருகிறது, எங்கள் டிப்போ வண்டிதான், மூணாவது கியரில் அந்த இழுப்பு எனக்குத் தெரியும், டவுனுக்கு நேரமாகிவிட்டது டிரைவருக்கு, பிரேக்கில் கால் வைக்க மாட்டான். கண்ணுக்கு முன்னால் மைதானம் போய்விட்டது, நாய் போய்விட்டது, பின் படிக்கட்டில் நிற்கிறேன், யாரோ இறங்கக் காலை வைத்துவிட்டார்கள், கீழே சக்கரம், ஏறி இறங்கப் போகிறது, என் பாதத்துக்குத் தெரியப் போகிறது, அவ்வளவுதான், யோசிக்க ஒன்றும் இல்லை, உடம்பே ஊதிவிட்டது, ஒன்று. ஒரே ஒரு நீள ஊதல், தொண்டை கிழிய.

நின்றான். முன்னங்கால் இரண்டையும் மண்ணில் ஊன்றி, புழுதி கிளம்ப, சுவரின் இடிந்த வாய்க்கு ஒரு முழம் இந்தப் பக்கம், பிரேக் போட்ட மாதிரி நின்றான். பஸ் போனது. சன்னல் சன்னலாக ஆட்கள் போனார்கள், முன் சக்கரம் போனது, பின் சக்கரம் போனது, ஏறவும் இல்லை இறங்கவும் இல்லை, டீசல் வாசனை மட்டும் உள்ளே வந்தது. லக்கேஜ் அசையவில்லை. கழுத்தைத் திருப்பி என்னைப் பார்க்கிறான், வாலைக்கூட ஆட்டவில்லை. வரவில்லை. கூப்பிடப் பயமாக இருக்கிறது, கூப்பிட்டால் போய்விடுவானோ. விசிலை வாயிலிருந்து எடுக்காமல், மூச்சுவிட்டால்கூட ஊதிவிடுமே என்று பல்லில் கடித்துக்கொண்டு நடக்கிறேன். மைதானம் இவ்வளவு நீளமா. டீக்கடைப் பெட்டை எழுந்து சோம்பல் முறிக்கிறது, இவன் மூக்கு அந்தப் பக்கம் நடுங்குகிறது, பின்னங்கால் தசை துடிக்கிறது, உடம்பு முழுக்கப் போ போ என்கிறது, ஆனாலும் நிற்கிறான். அவனுக்கும் அது கஷ்டமாகத்தான் இருக்கிறது என்று அப்போதுதான் எனக்குத் தோன்றியது. கிட்டே போய் முட்டி போட்டுக் கொக்கியை மாட்டினேன். முகத்தை என் கக்கத்துக்குள் நுழைத்தான், பால் குடித்த நாட்களில் நுழைப்பானே, அதே மாதிரி. அழுகை வந்துவிட்டது. யார் பார்த்தால் என்ன.

ஜெபா மூச்சு வாங்க வந்து நின்றாள். "வரல" என்றாள். "நின்னான்" என்றேன். "கூப்பிட்டா வரணும்னுதான நம்ம பேச்சு?" "எந்த பஸ்ஸு ஜெபா, கூப்பிட்டதும் நம்ம வாசலுக்கு வருது? நிறுத்தினா நிக்கும். நாமதான் நடந்து போயி ஏறணும்." இதைச் சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல் நாயின் காதைத் தடவிக்கொண்டிருந்தேன். அவள் என்னவோ யோசிக்கிறாள், உதடு அசைகிறது, பாட்டுக்குத் தாளம் எண்ணுவதுபோல விரல் அசைகிறது. "ஒண்ணு ஊதினா நிக்கணும், ரெண்டு ஊதினா ஓடணும்னு நீங்கதான பழக்கினிய?" "ஆமா." "இம்புட்டு நாளும் அதைக் கூப்பிட எத்தனை ஊதினிய?" இரண்டு. ஆள் ஏறியாச்சு, வீட்டுக்குக் கிளம்பலாம், ரைட். தினம் தினம் தெருமுனையில் நின்றுகொண்டு, ஓடு, இன்னும் ஓடு, நிற்காதே என்று ஊதியிருக்கிறேன், அவனும் பாவம் சொன்னதைச் செய்திருக்கிறான், பின்னாலேயே நான் செருப்பைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறேன். "அட கூறுகெட்ட கண்டக்டரே!" ஜெபா சிரிக்க ஆரம்பித்தாள். ஆர்மோனியத்தைப் போர்த்திய நாளுக்குப் பிறகு அந்தச் சிரிப்பைக் கேட்கவில்லை நான், வலிக்கிற கையைப் பிடித்துக்கொண்டு, குனிந்து நிமிர்ந்து சிரித்தாள். "செருப்பைத் தின்னதுக்கும் நீங்கதான் ஊதினியளா? ஐயர் முட்டியப் பிடிச்சதுக்கு எத்தனை?" அதற்கெல்லாம் நான் பொறுப்பில்லை, அது வயசு. இனியும் தின்பான், இனியும் கவிழ்ப்பான், டாக்டரம்மா சொன்ன கொஞ்ச மாசம் இன்னும் பாக்கி இருக்கிறது. அதை அவளிடமும் சொன்னேன், மறைக்கவில்லை. "தெரியும்" என்றாள்.

போனை இடது கையால் எடுத்தாள். "எல தாசா. கிளம்பிட்டியா? வா, வா, சாப்பிட வா. வரும்போது உவரி மீனு நல்லதா இருந்தா வாங்கிட்டு வா. என்னது? சங்கிலியா? அது வேண்டாம்டே, அங்கனயே கிடக்கட்டும். அவன் இங்கனதான் இருப்பான்." அவன் என்றாள், என் காதில் நன்றாக விழுந்தது, இரண்டாம் தரம் கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ள ஆசையாக இருந்தது. கயிற்றைக் கொடுங்கள் என்று கையை நீட்டினாள், இடது கை, யோசித்துக் கொடுத்தேன். மூன்று பேரும் மைதானத்து கேட்டைத் தாண்டித் தெருவுக்கு வந்தோம். முக்குத் திரும்பவில்லை, அதற்குள் ஒரு ஆடு. லக்கேஜ் முன்னால் பாய, கயிறு விறைக்க, ஜெபா இரண்டு எட்டு இழுபட்டுப் போக, நான் ஊதினேன், ஒன்று. லக்கேஜ் நின்றான். அவனோடு சேர்ந்து ஜெபாவும் டக்கென்று நின்றாள், கல்யாணமான நாளிலிருந்து என் பேச்சுக்கு ஒரு தடவைகூட நிற்காதவள். "என்னைய எதுக்கு நிப்பாட்டுதிய?" என்று அவள் திரும்பி முறைத்தாள். பயந்துபோய் இரண்டு ஊதினேன். இரண்டு பேரும் கிளம்பினார்கள்.